வீட்டுச் செல்லங்களின் பல்லும் எங்கள் பணப்பையும்



நலவாழ்வுப் பகுதியில் வழமையாக நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் நோ என்று எங்கள் உடம்பைப் பற்றியே பேசுவோம். இம்முறை வீட்டில் இருக்கும், ஆனால் வாய் திறந்து எதையும் சொல்லத் தெரியாத இன்னொரு உறுப்பினரைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். டார்ம்ஸ்டாட்டிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் எமது குடும்பங்களில் இன்று நாய், பூனை, முயல் வளர்க்கும் வீடுகள் பல. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கேட்டு, பெற்றோர் முதலில் மறுத்து, பிறகு அந்தப் பெற்றோரே அதிகம் செல்லம் கொடுக்கும் கதை எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

ஊரில் நாய் முற்றத்தில் கிடந்தது. மிஞ்சிய சோறும் மீன் தலையும் தின்றது. அதன் வாய்க்குள் எவரும் எட்டிப் பார்த்ததில்லை. இங்கே அது எங்கள் கூடத்தில், எங்கள் கதிரையில் படுக்கிறது. தடுப்பூசியும் நல்ல உணவும் கிடைப்பதால் நீண்ட காலம் வாழ்கிறது. நீண்ட காலம் வாழ்ந்தால் பற்களும் அவ்வளவு காலம் உழைக்க வேண்டும். அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

எங்கள் வீட்டில் நடந்தது

பாடத்துக்குப் போகும் முன் எங்கள் வீட்டு அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் பூனைக்கு அப்போது எட்டு வயது. சாப்பாட்டில் குறை பிடிக்கத் தொடங்கியது. குழம்பு போன்ற பகுதியை மட்டும் நக்கிவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். வாய்க்கு ருசி கேட்கிறது, செல்லம் கூடிப் போயிற்று என்று நாங்கள் நினைத்தோம். மூன்று வகை உணவு மாற்றிப் பார்த்தோம். முன்பு யன்னல் விளிம்பில் பாய்ந்து ஏறும். அதையும் விட்டுவிட்டது. வயது போகிறது என்றோம்.

கடைசியில் கவனித்தவர் அம்மம்மாதான். "அது பசியோடதான் ஓடி வருகுது. கோப்பையை மணந்து பார்த்திட்டுத் திரும்பிப் போகுது. வாய்க்குள்ள ஏதோ நோகுது பிள்ளை" என்றார். உண்மையைச் சொன்னால், வைத்தியரிடம் போகாமல் நாங்கள் இழுத்தடித்ததற்குக் காரணம் காசு. எவ்வளவு கேட்பார்களோ என்ற பயம். அந்த மாதம் ஊருக்கும் அனுப்ப வேண்டியிருந்தது.

மிருக வைத்தியர் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முரசு இரத்தச் சிவப்பாக இருந்தது. ஒரு பல்லின் அடியில் சின்னக் குழி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் ஐந்து பற்கள் உள்ளுக்குள் கரைந்து போயிருந்தன. ஐந்தையும் எடுத்தார்கள். பில் எழுநூறு யூரோவுக்குச் சற்று மேல். மகள் அதை வரி வரியாக எங்களுக்கு மொழிபெயர்த்தாள். அன்று அது எங்களுக்கு விளங்கவே இல்லை. பத்து நாட்களின் பின் பூனை யன்னல் விளிம்பில் ஏறி இருந்தது. நாங்கள் வயது என்று நினைத்தது வயதல்ல, நோ. எவ்வளவு காலம் அதை அது தாங்கியதோ என்பதுதான் இன்றும் எங்களை வருத்துகிறது.

அந்த வருத்தமும் அந்த விளங்காத பில்லும்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

வாய்க்குள் என்ன நடக்கிறது?

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். வளர்ந்த பூனைக்கு 30. எங்களுக்கு 32. நாயின் பாற்பற்கள் 28, பூனையின் பாற்பற்கள் 26. ஏறத்தாழ ஆறு ஏழு மாத வயதுக்குள் இவை விழுந்து நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். சில சின்ன இன நாய்களில் பாற்பல் விழாமல் நிரந்தரப் பல்லோடு ஒட்டி நிற்கும். அதை எடுக்க வேண்டி வரலாம்.

சாப்பிட்ட பின் பல்லின் மேல் கிருமிகள் சேர்ந்த ஒரு மெல்லிய பசை படிகிறது. இதைத் துடைத்து எடுக்கலாம். துடைக்காமல் விட்டால் உமிழ்நீரில் உள்ள தாதுப்பொருட்கள் சேர்ந்து சில நாட்களிலேயே அது கல்லாக இறுகிவிடும். இதைத்தான் டொச்சில் 'சான்ஸ்டைன்' என்கிறார்கள். எமது மொழியில் பற்காரை. மஞ்சளாக அல்லது மண்ணிறமாகத் தெரியும். கல்லான பிறகு பிரஷ் போட்டு எடுக்க முடியாது.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் காரை பெரிய ஆபத்தல்ல. முரசுக்குக் கீழே புகுந்த கிருமிதான் ஆபத்து. முதலில் முரசு சிவந்து வீங்கும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும். அடுத்ததாகப் பல்லைப் பிடித்து வைத்திருக்கும் நாரும் தாடை எலும்பும் அரிக்கப்படும். அப்படிப் போன எலும்பு தானாகத் திரும்பி வராது. பல் ஆடும், சீழ் கட்டும், விழும். மூன்று வயதைக் கடந்த நாய் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த முரசு நோய் ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. 'நாயின் வாய் என்றால் மணக்கத்தானே செய்யும்' என்று நாம் சொல்லிக் கொள்வது தவறு. நல்ல வாய் அப்படி மணக்காது.

மிருகத்துக்கு மிருகம் வேறுபாடு

நாய்: எங்களைப் போலச் சூத்தைப் பல் நாய்க்கு வருவது குறைவு. முரசு நோயும் பல் உடைவுமே அதிகம். யோர்க்‌ஷயர், சிவாவா போன்ற சிறிய இனங்களுக்குச் சிறிய தாடையில் பற்கள் நெருக்கியடித்து நிற்பதால் முரசு நோய் சீக்கிரம் வரும். பல் உடைவதற்கு முக்கிய காரணம் நாமே கொடுக்கும் கடினமான பொருட்கள்: மான்கொம்பு, குளம்பு, பெரிய எலும்பு, கல். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் இப்படி உடைந்து, வேரில் சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கும். கண்ணில் ஏதோ கடித்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

பூனை: எங்கள் வீட்டுப் பூனைக்கு வந்தது பூனைகளில் மிகவும் பரவலான நோய். பல்லின் திசுவை உடம்பே கரைத்துவிடுகிறது. இதன் காரணம் இன்னமும் முழுமையாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. அடைத்துக் காப்பாற்ற முடியாது. அந்தப் பல்லை எடுப்பதே வைத்தியம். இன்னொன்று, வாய் முழுக்க எரிந்து சிவக்கும் நாட்பட்ட அழற்சி. சில பூனைகளுக்குப் பெரும்பாலான பற்களை அல்லது எல்லாப் பற்களையும் எடுக்கும்படி வைத்தியர் சொல்வதுண்டு. கேட்கும்போது கொடுமையாகத் தோன்றும். ஆனால் நோகும் பல்லோடு இருப்பதைவிடப் பல் இல்லாமல் பூனை நன்றாகவே சாப்பிடும்.

முயல், கினிப்பன்றி: இவற்றின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முயலுக்கு 28 பற்கள், கினிப்பன்றிக்கு 20. நாள் முழுக்க உலர்புல்லை அரைத்தால்தான் பல் தேயும். கடையில் விற்கும் வண்ணத் தானியக் கலவையை மட்டும் கொடுத்தால் கடைவாய்ப்பல் கூராக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் வெட்டும். எனவே உலர்புல் எப்போதும் கூட்டில் நிறைந்திருக்க வேண்டும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: முயல் அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம். குடல் நின்றுவிடும். 'நாளைக்குப் பார்ப்போம்' என்று விடக் கூடாது.

நோவை எப்படிக் கண்டுபிடிப்பது?

மிருகங்கள் நோவை மறைக்கும். காட்டில் பலவீனத்தைக் காட்டிய மிருகம் பிழைத்ததில்லை என்பதால் அது அவற்றின் இயல்பு. 'சாப்பிடுகிறது, எனவே நோ இல்லை' என்று முடிவு செய்யக் கூடாது. பசி நோவை வென்றுவிடும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வாயைக் காட்ட வேண்டும்:

1. கெட்ட வாய் மணம்.
2. ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுதல், உணவை வாயிலிருந்து தவற விடுதல்.
3. கோப்பைக்கு ஆவலோடு வந்துவிட்டுப் பின்வாங்குதல்.
4. உமிழ்நீர் வடிதல், அதில் இரத்தம் கலந்திருத்தல்.
5. முகத்தைக் காலால் தேய்த்தல், தலையைத் தொட விடாமை.
6. பூனை தன் உடலை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்துதல், மயிர் திரிதல்.
7. முகவீக்கம், உடைந்த அல்லது நிறம் மாறிய பல்.
8. விளையாட்டில் ஆர்வம் குறைதல். வயது என்று சொல்லும் முன் வாயைப் பாருங்கள்.

ஏன் மயக்க மருந்து வேண்டும்?

எங்களிடம் பலர் கேட்கும் கேள்வி இது. எங்களுக்குப் பல் சுத்தம் செய்யும்போது மயக்குவதில்லையே, மிருகத்துக்கு மட்டும் ஏன்? காரணம் எளிது. நாங்கள் வாயைத் திறந்து கொண்டு அசையாமல் இருப்போம். மிருகம் இருக்காது. முரசுக்குக் கீழே கூரான கருவியை விட வேண்டும், ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆழம் அளக்க வேண்டும், வாய்க்குள் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். விழித்திருக்கும் மிருகத்தில் இவை எதுவும் சரியாக நடக்காது.

மயக்க மருந்து இல்லாமல் மலிவாகக் காரை எடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே வெளியில் தெரியும் பகுதி மட்டும் வெள்ளையாகும். உள்ளே நோய் தொடரும். வெள்ளைப் பல்லைப் பார்த்து நாமும் திருப்திப்பட்டு இன்னும் இரண்டு வருடம் வைத்தியரிடம் போகமாட்டோம். மிருகப் பல் வைத்திய நிபுணர்கள் இதை ஏற்பதில்லை.

மயக்கத்தில் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் முன்கூட்டி இதயம், இரத்தம் சோதித்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைத்து, இதயத் துடிப்பும் ஒட்சிசனும் வெப்பமும் கண்காணித்துச் செய்தால் ஆபத்து குறைவு. வயதான பூனை என்றால் சிறுநீரகச் சோதனை முக்கியம். முயலுக்கு மயக்கம் கொடுக்கும் முன் பட்டினி போடக் கூடாது. முயல் வாந்தி எடுக்காது, அதன் குடல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நாய் பூனைக்கு எத்தனை மணி நேரத்துக்கு முன் உணவை நிறுத்துவது என்பதை வைத்தியரிடமே கேளுங்கள்.

பில்லைப் படிப்போம்

இப்போது காசு விடயத்துக்கு வருவோம். எங்கள் பல்லுக்கு வைத்தியரிடம் போனால் கிராங்கன்காஸ அட்டையை நீட்டுகிறோம். பெரும்பாலான செலவு எங்கள் கண்ணுக்கே தெரியாமல் தீர்ந்துவிடுகிறது. வருடா வருடம் போனால் போனூஸ்ஹெஃப்டில் முத்திரையும் குத்தித் தருகிறார்கள். பூனைக்கு அரசுக் காப்புறுதி இல்லை, போனூஸ்ஹெஃப்டும் இல்லை. முழுப் பில்லும் எங்கள் கைக்கே வரும். அதனால்தான் மிருக வைத்தியர் கொள்ளையடிக்கிறார் என்ற எண்ணம் வருகிறது. ஆனால் அவர் தன் விருப்பத்துக்கு விலை போடுவதில்லை.

ஜேர்மனியில் மிருக வைத்தியர்களின் கட்டணத்தைக் கூட்டாட்சி அரசின் சட்டவிதி ஒன்று தீர்மானிக்கிறது. 'கெப்யூரன்ஓர்ட்னுங் ஃப்யூர் டியர்எர்ட்ஸ்ட' என்பது அதன் பெயர். சுருக்கமாக 'கே-ஓ-டே' என்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஓர் அடிப்படைத் தொகை உண்டு. வேலையின் கடினம், எடுத்த நேரம், சூழ்நிலை முதலியவற்றைப் பார்த்து அந்தத் தொகையின் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை வைத்தியர் கேட்கலாம். ஒரு மடங்குக்குக் கீழே இறங்குவதற்கு வழமையாக அவருக்கு அனுமதி இல்லை. எனவே 'கொஞ்சம் குறையுங்கோ' என்று சந்தையில் போலப் பேரம் பேசினால் சங்கடம்தான் மிஞ்சும். மூன்று மடங்குக்கு மேலே போவதென்றால் முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு வேண்டும்.

இந்த விதி 1999ஆம் ஆண்டுக்குப் பிறகு முதல் தடவையாக முழுமையாகத் திருத்தி எழுதப்பட்டு, 2022 நவம்பர் 22ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இடையில் 2008இலும் 2017இலும் தொகைகள் ஓரளவு கூட்டப்பட்டிருந்தன. ஒரு சாதாரணப் பரிசோதனையையும் ஆலோசனையையும் உதாரணமாக எடுப்போம். பழைய விதியில் அடிப்படைத் தொகை நாய்க்கு 13.47 யூரோ, பூனைக்கு 8.98 யூரோ. புதிய விதியில் இரண்டுக்கும் 23.62 யூரோ. பூனை வைத்திருப்போருக்குத்தான் அதிர்ச்சி அதிகம்.

இந்தத் தொகைகள் வரி சேர்க்காதவை. 19 வீதப் பெறுமதி சேர் வரி சேர்த்தால் கணக்கு இப்படி வரும்:

ஒரு மடங்கு: 28.11 யூரோ
இரு மடங்கு: 56.22 யூரோ
மூன்று மடங்கு: 84.32 யூரோ

அதே பரிசோதனை அவசர சேவை நேரத்தில் நடந்தால்? இரவு, வார இறுதி, விடுமுறை நாட்களில் வழமையான வேலை நேரத்துக்கு வெளியே நடக்கும் அவசர சேவைக்கு 'நோட்டீன்ஸ்ட்' என்று பெயர். அங்கே குறைந்தது இரண்டு மடங்கு, கூடியது நான்கு மடங்கு. அதற்கு மேல் 50 யூரோ அவசரக் கட்டணம். அதற்கும் வரி உண்டு. கூட்டிப் பார்த்தால் 115.72 யூரோவிலிருந்து 171.93 யூரோ வரை. இன்னும் ஒரு மருந்தும் கொடுக்கவில்லை, வெறும் பரிசோதனை மட்டுமே. செவ்வாய்க்கிழமை காலையில் காட்டியிருக்க வேண்டிய வீக்கத்தைச் சனிக்கிழமை இரவு காட்டினால் என்ன விலை என்பது இப்போது புரியும்.

பல் வைத்தியப் பில் ஏன் நீளமாக இருக்கிறது?

ஏனென்றால் அது ஒரே வேலை அல்ல. முன்பரிசோதனை ஒரு வரி. இரத்தச் சோதனை ஒரு வரி. நாளத்தில் ஊசி வைத்தல், மயக்கம், மூச்சுக்குழாய், கண்காணிப்பு, எக்ஸ்ரே, ஒலி அலைக் கருவியால் காரை நீக்கல், மினுக்குதல், விறைப்பு ஊசி, எடுக்கும் ஒவ்வொரு பல், தையல், நோ மருந்து, வீட்டுக்குத் தரும் குளிசை, பாவித்த பொருட்கள் என்று எல்லாம் தனித்தனி வரிகள். மினுக்குதல் வீண் செலவென்று சிலர் நினைப்பர். காரை எடுத்த பல் சொரசொரப்பாக இருக்கும், மினுக்காவிட்டால் பசை வேகமாகத் திரும்பப் படியும்.

பல் எடுப்பதிலும் வேறுபாடு உண்டு. முன்பல்லுக்கு ஒரு வேர். நாயின் மேல் கடைவாய்ப் பெரும்பல்லுக்கு மூன்று வேர். அதைத் துண்டுகளாக வெட்டி, முரசைத் திறந்து எடுத்துத் தைக்க வேண்டும். எனவே சாதாரணச் சுத்தம் சில நூறு யூரோவில் முடிய, பல பற்கள் எடுக்கும் சிகிச்சை ஆயிரத்தையும் தாண்டலாம். இதுவே சீக்கிரம் போவதற்கான காரணம்: காரை மட்டும் இருக்கும்போது பட்டியல் சிறியது, பற்கள் கெட்ட பிறகு பட்டியல் நீள்கிறது.

மருத்துவமனையில் என்ன கேட்க வேண்டும்?

வைத்தியரிடம் காசைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எங்களில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. இந்த நாட்டில் அது சாதாரணக் கேள்வி. எங்கள் அனுபவத்தில் பயன்பட்ட வாசகங்கள் இவை. டொச் தடுமாறுபவர்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

'கோஸ்டன்ஃபோரன்ஷ்லாக், பிற்ற' – செலவு மதிப்பீடு தாருங்கள். எத்தனை பல் எடுக்க வேண்டும் என்பது மயக்கத்தில் எக்ஸ்ரே எடுத்த பின்னர்தான் தெரியும். எனவே ஒரே தொகை கேட்காமல், குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று கேளுங்கள்.

'மிட் வெல்ஷம் சாட்ஸ்?' – எத்தனை மடங்கில் கணக்கிடுகிறீர்கள்? ஒரே சிகிச்சைக்கு இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு விலை வருவதற்கு முக்கிய காரணம் இதுதான்.

'பிற்ற ரூஃபன் சீ மிஷ் ஆன்' – என்னைத் தொலைபேசியில் அழையுங்கள். மதிப்பிட்ட தொகையைத் தாண்டுமானால் மேற்கொண்டு செய்யும் முன் அழைக்கும்படி சொல்லி, அன்று கைத்தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

'ராட்டன்சாலுங்' – தவணை முறையில் கட்டுதல். எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் சிகிச்சைக்கு முன் கேட்டால் ஏற்பாடு செய்யும் இடங்கள் உண்டு. சிகிச்சை முடிந்து பில் வந்த பின் கேட்பது இரு தரப்புக்கும் சங்கடம்.

இவற்றோடு, பல்லுக்கான எக்ஸ்ரே அங்கே இருக்கிறதா, மயக்கத்தைக் கண்காணிப்பவர் தனியாக இருக்கிறாரா என்றும் கேளுங்கள். மலிவான மதிப்பீட்டில் எக்ஸ்ரே இல்லாமல் இருந்தால் அது மலிவல்ல. சிக்கலான நோய் என்றால் பல்லில் நிபுணத்துவம் பெற்றவரிடம் அனுப்பும்படி உங்கள் வைத்தியரைக் கேட்கலாம். ஜேர்மனியில் மிருக வைத்தியம் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் ஐந்துதான். அவற்றுள் ஒன்று எங்கள் ஹெஸ்ஸன் மாநிலத்திலேயே, கீஸன் நகரில் இருக்கிறது. டார்ம்ஸ்டாட்டிலிருந்து பிராங்பேர்ட்டைத் தாண்டி வடக்கே போக வேண்டும்.

காப்புறுதியா, உண்டியலா?

மிருகங்களுக்குத் தனியார் காப்புறுதிகள் உண்டு. சில சத்திரசிகிச்சைக்கு மட்டும், சில எல்லாச் சிகிச்சைக்கும். கையெழுத்திடும் முன் ஐந்து விடயங்களைத் தேடிப் பாருங்கள்:

1. பல் சிகிச்சை அடங்குமா? சில காப்புறுதிகள் காரை நீக்கலைத் தவிர்த்துவிடும், சில பல்லுக்கென வருட உச்சத்தொகை வைத்திருக்கும்.
2. 'வார்ட்டசைட்' எனும் காத்திருப்புக் காலம் எவ்வளவு?
3. ஏற்கெனவே இருக்கும் நோய் விலக்கப்படுமா? பெரும்பாலும் விலக்கப்படும். எனவே பல் கெட்ட பின் காப்புறுதி எடுத்துப் பயனில்லை.
4. எத்தனை மடங்கு வரை தருவார்கள்? அவசர சேவையின் நான்கு மடங்கு அடங்குமா?
5. எங்கள் பங்கு எவ்வளவு? வயது கூடக் கட்டணம் கூடுமா?

காப்புறுதி வேண்டாம் என்பவர்கள் தனி உண்டியல் ஒன்றைத் தொடங்கலாம். மாதம் 20 யூரோ போட்டால் வருடத்துக்கு 240, நான்கு வருடத்தில் 960 யூரோ. எங்கள் வீட்டில் இப்போது இதுதான் நடைமுறை. மகள் ஒரு பழைய தேயிலை டின்னில் பூனையின் படம் ஒட்டி வைத்திருக்கிறாள்.

வருமானம் குறைந்த குடும்பங்கள் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். முதலில் வைத்தியரிடமே நிலைமையைச் சொல்லுங்கள். டியர்ஹைம் எனப்படும் மிருகக் காப்பகத்தையும் மிருகப் பாதுகாப்புச் சங்கங்களையும் கேட்டுப் பார்க்கலாம். உதவி நிச்சயம் என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்பதில் தவறில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்த நாட்டின் மிருகப் பாதுகாப்புச் சட்டப்படி, வளர்ப்பவர் மிருகத்துக்கு உரிய பராமரிப்பைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். புதிதாக ஒரு நாய்க்குட்டி கேட்கும் பிள்ளைக்கு இந்தச் செலவையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.

வீட்டில் பல் துலக்குவது எப்படி?

நாளுக்கு ஒரு தடவை துலக்குவதைவிடச் சிறந்த தடுப்பு இல்லை. ஒரே நாளில் பழக்க முடியாது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கிழமை கொடுங்கள்.

முதற் கிழமை: அமைதியான நேரத்தில் உதட்டை மட்டும் தூக்கிவிட்டு விடுங்கள். உடனே சின்னப் பரிசு.

இரண்டாம் கிழமை: விரலில் மிருகங்களுக்கான பற்பசையைத் தொட்டு நக்கக் கொடுங்கள். கோழி இறைச்சிச் சுவையில் விற்கிறது. பிறகு விரலால் பல்லின் வெளிப்பக்கத்தைத் தடவுங்கள்.

மூன்றாம் கிழமை: விரலில் மெல்லிய துணி சுற்றித் தேயுங்கள்.

நான்காம் கிழமை: மென்மையான பிரஷ். குழந்தைகளின் சின்னப் பிரஷ் போதும். முரசும் பல்லும் சேரும் கோட்டில், வெளிப்பக்கம் மட்டும். கடைவாய்ப் பற்களும் வேட்டைப் பற்களும் முக்கியம். பக்கத்துக்கு அரை நிமிடம் போதும்.

எதிர்த்தால் நிறுத்துங்கள், முந்திய படிக்குத் திரும்புங்கள். ஏற்கெனவே முரசு சிவந்து நொந்த வாயில் பிரஷ் போடக் கூடாது. முதலில் வைத்தியம், பிறகு துலக்கல். மெல்லும் பண்டங்கள் ஓரளவு உதவும். 'வி.ஓ.எச்.சி.' என்ற முத்திரை உள்ளவை சோதித்துப் பார்க்கப்பட்டவை. ஆனால் அவை பிரஷ்ஷுக்குப் பதிலாகாது, கொழுப்பும் கூட்டும்.

செய்யக் கூடாதவை

எங்கள் பற்பசையைக் கொடுக்காதீர்கள். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு உண்டு. இங்கே 'பிர்க்கன்சுக்கர்' என்றும் எழுதியிருப்பார்கள். நாய்க்கு அது நஞ்சு. இரத்தச் சீனியை இறக்கும், ஈரலைக் கெடுக்கும். சீனியில்லாத சூயிங்கமும் அப்படியே.

வீட்டிலிருக்கும் நோக்குளிசை கொடுக்கவே கூடாது. பரசிற்றமோல் ஒரு குளிசை பூனையைக் கொல்லப் போதும். இபுபுரோபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 'கொஞ்சமாக, காற்பங்கு' என்றும் வேண்டாம்.

சமைத்த எலும்பு கொடுக்காதீர்கள். ஆட்டுக்கறி சமைக்கும் எங்கள் வீடுகளில் இது பெரிய சோதனை. சமைத்த எலும்பு சில்லாக உடைந்து தொண்டையையும் குடலையும் குத்தும். பொதுவாக, உங்கள் பெருவிரல் நகத்தால் அழுத்தித் தடம் பதிக்க முடியாத எதுவும் நாயின் பல்லுக்குக் கடினமானது.

நகவெட்டியால் முயலின் பல்லை வெட்டாதீர்கள். பல் நீளவாக்கில் பிளந்து வேர் வரை போகும். காரையை வீட்டில் கத்தியால் சுரண்டவும் வேண்டாம்.

நிறைவாக

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். மாதம் ஒரு தடவை உதட்டைத் தூக்கிப் பாருங்கள். வருடம் ஒரு தடவை தடுப்பூசிக்குப் போகும்போது 'பல்லையும் பாருங்கள்' என்று கேளுங்கள். நாளுக்கு ஒரு தடவை துலக்கப் பழக்குங்கள். மதிப்பீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். உங்கள் வீட்டுச் செல்லத்தின் நிலையை நேரில் பார்த்துச் சொல்லக் கூடியவர் மிருக வைத்தியர் மட்டுமே. இந்தக் கட்டுரை அவரிடம் போவதற்கான துணை, அவருக்கு மாற்று அல்ல.

வரும் ஞாயிறு ஹெர்ன்கார்டன் பூங்காவில் நாயோடு நடக்கும்போதோ, இன்றிரவு பூனை மடியில் வந்து படுக்கும்போதோ, ஒரு நிமிடம் அந்த உதட்டைத் தூக்கிப் பாருங்கள். அம்மம்மா கவனித்ததை நாங்கள் ஒரு வருடம் முந்திக் கவனித்திருந்தால் ஐந்து பல்லில் சிலவாவது மிஞ்சியிருக்கும், பில்லும் பாதியாகியிருக்கும். உங்கள் வீட்டில் அந்த ஒரு வருடம் வீணாகாமல் இருக்கட்டும்.